சந்துக்கு எத்தனை பெயர்?

குட்டீஸ், இரண்டு வீட்டுச் சுவர்களுக்கு நடுவே ஓர் ஆள் மட்டும் நுழைந்து போகிற மாதிரி ஒடுக்கமான வழி இருக்குமே, அதை உங்கள் ஊரில் எப்படிச் சொல்வீர்கள்? சந்து என்றுதானே? தை மாதம் ஒட்டன்சத்திரம் வழியாகப் பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்களிடம் கேட்டுப் பாருங்கள். தென் மாவட்டங்களில் இருந்து வருகிறவர்கள் பலர் அதை முடுக்கு என்பார்கள். ஒட்டன்சத்திரத்துக்கு மேற்கே தோட்டங்காட்டில் இருக்கும் பாட்டிகளைக் கேட்டால் இட்டேரி என்று ஒரு சொல் சொல்வார்கள். ஆனால், அது சுவர்களுக்கு நடுவே போகிற வழி இல்லை. இந்தப் பக்கம் ஒரு தோட்டத்துக் கிளுவை வேலி, அந்தப் பக்கம் இன்னொரு தோட்டத்து வேலி, நடுவே மாடும் வண்டியும் போகிற மண் பாதை. அதுதான் இட்டேரி. கடல் தாண்டி யாழ்ப்பாணம் போனால் அங்கே ஒழுங்கை. அதிலும் மிகவும் ஒடுங்கியது குச்சொழுங்கை.

இப்போது ஒரு சந்தேகம். நீங்கள் பள்ளிக் கட்டுரை நோட்டில், மாமா வீட்டுக்கு இட்டேரி வழியாகப் போனேன் என்று எழுதினால், டீச்சர் அதைச் சிவப்பு மையால் சுழிப்பாரா, மாட்டாரா? பாட்டி சொல்கிற சொல் தப்பான சொல்லா?

இதே சந்தேகம் நூற்றைம்பது வருடங்களுக்கு முன்னால் இங்கிலாந்திலும் இருந்தது. அதற்குப் பதில் தேடிய ஒருவரின் கதையைத்தான் இந்த வாரம் படிக்கப் போகிறீர்கள். அவர் பெயர் ஜோசப் ரைட். பதினைந்து வயது வரை செய்தித்தாள் படிக்கத் தெரியாதவர். பின்னால், இங்கிலாந்தின் கிராமத்துச் சொற்களை எல்லாம் திரட்டி ஆறு பெரிய தொகுதிகள் கொண்ட அகராதியாகப் போட்டவர்!

ஜோசப் 1855ஆம் ஆண்டு அக்டோபர் 31ஆம் தேதி பிறந்தான். இங்கிலாந்தின் வடக்கே யார்க்‌ஷயர் என்று ஒரு பெரிய பகுதி. அங்கே பிராட்போர்டு என்ற நகரத்துக்குப் பக்கத்தில் தாக்லி என்ற சிற்றூர். அப்பா துணி நெய்கிறவர், கல் குவாரியிலும் வேலை பார்த்தவர். வீட்டில் வறுமை. ஆகவே, ஆறு வயதிலேயே ஜோசப் வேலைக்குப் போய்விட்டான். என்ன வேலை தெரியுமா? குவாரியில் கழுதை வண்டி ஓட்டுவது! கல் உடைத்து மழுங்கிப் போன உளிகளை வண்டியில் ஏற்றிக் கொல்லன் பட்டறைக்குக் கொண்டு போக வேண்டும். தீட்டி முடித்ததும் திருப்பிக் கொண்டு வர வேண்டும். நாள் முழுக்க இதுதான்.

ஏழு வயதில் ஸால்டேர் என்ற ஊரில் இருந்த பிரமாண்டமான மில்லில் சேர்ந்தான். திண்டுக்கல், வேடசந்தூர்ப் பக்கம் ஸ்பின்னிங் மில்லைப் பார்த்திருக்கிறீர்களா? நூல் சுற்றி நிறைந்த பாபினைச் சட்டென்று கழற்றிவிட்டு, அந்த இடத்தில் காலி பாபினை மாட்ட வேண்டும். மிஷின் நிற்கிற கொஞ்ச நேரத்துக்குள் அது முடிய வேண்டும். சின்ன விரல்கள் என்றால் வேகமாக ஓடும் என்று அந்தக் காலத்தில் குழந்தைகளை அந்த வேலைக்கு வைத்தார்கள். அரை நாள் மில், அரை நாள் மில் நடத்திய பள்ளிக்கூடம் என்பது அங்கே சட்டம். அரை நாள் உழைத்துக் களைத்த பிள்ளைக்கு எழுத்து எங்கே ஏறும்? பள்ளியை விட்டு வெளியே வந்தபோதும் ஜோசப்புக்கு ஒழுங்காகப் படிக்கத் தெரியவில்லை. பிறகு வேறொரு மில்லில் கம்பளி ரோமத்தைத் தரம் பிரிக்கும் வேலைக்குப் போனான்.

1870ஆம் ஆண்டு. பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் மூண்டது. மில்லில் சாப்பாட்டு நேரத்தில் எழுத்துத் தெரிந்த ஒருவர் செய்தித்தாளை உரக்கப் படிப்பார். மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். நேற்று எந்தப் படை முன்னேறியது, எந்த ஊர் முற்றுகையில் இருக்கிறது என்று ஜோசப்புக்கு ஒரே ஆவல். ஆனால், எல்லாவற்றுக்கும் அடுத்தவர் வாயைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியிருந்தது. அது அவனுக்குப் பிடிக்கவில்லை. பதினைந்து வயதில், தானே படிக்கக் கற்றுக்கொள்வது என்று உட்கார்ந்தான். அவனுக்குக் கிடைத்த பாடப் புத்தகங்கள் இரண்டு. ஒன்று பைபிள். மற்றொன்று ஜான் பன்யன் எழுதிய பழைய கதையான பில்கிரிம்ஸ் புராகிரஸ்.

ஒரு தடவை கதவு திறந்ததும் அப்புறம் அவனைப் பிடிக்க முடியவில்லை. பகலில் மில், இரவில் இரவுப் பள்ளி. பிரெஞ்சு படித்தான். ஜெர்மன் படித்தான். லத்தீன் படித்தான். கணக்கும் சுருக்கெழுத்தும் கற்றான். பதினெட்டு வயதில் தன் அம்மா வீட்டிலேயே ஒரு இரவுப் பள்ளியைத் தொடங்கி, கூட வேலை பார்க்கிறவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தான். வாரத்துக்கு இரண்டு பென்ஸ் கட்டணம். மூன்று வருடத்துக்கு முன்னால் அ, ஆ தெரியாதவன் இப்போது வாத்தியார்!

1876ஆம் ஆண்டுக்குள் 40 பவுன் சேர்த்துவிட்டார். (இனி அவரை 'ர்' போட்டே அழைப்போம்.) ஜெர்மனியில் ஹைடல்பெர்க் பல்கலைக்கழகம் புகழ் பெற்றது. அங்கே ஒரு பருவமாவது படித்துவிட வேண்டும் என்று கிளம்பினார். கப்பலில் பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் துறைமுகம் வரை போனார். அங்கிருந்து ரயில் ஏறினால் படிப்புக்கு வைத்திருந்த பணம் கரைந்து போகும். எனவே நடந்தார். 250 மைலுக்கு மேல், அதாவது 400 கிலோமீட்டருக்கும் அதிகம்! திண்டுக்கல்லில் இருந்து சென்னைக்கு ஏறக்குறைய அவ்வளவு தூரம். பாதயாத்திரைக்காரர்களே கொஞ்சம் யோசிக்கிற தூரம்.

கையிருப்பு தீர்ந்ததும் ஊர் திரும்பிப் பள்ளி ஆசிரியராக வேலை பார்த்தார். மறுபடி பணம் சேர்த்துக்கொண்டு ஹைடல்பெர்க் போனார். 1885ல் டாக்டர் பட்டம் வாங்கினார். கிரேக்கம், சமஸ்கிருதம், கோதிக் என்று பழைய மொழிகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு ஆராய்வது அவர் துறை. 1888ல் இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்துக்கு வந்தார். அவரை அங்கே வரவழைத்தவர் யார் தெரியுமா? ரிக் வேதத்தைப் பதிப்பித்த மாக்ஸ் முல்லர்! 1901ல் அந்த மாக்ஸ் முல்லர் வகித்த பேராசிரியர் பதவியே ஜோசப் ரைட்டுக்குக் கிடைத்தது.

அவர் அம்மா ஒரு முறை ஆக்ஸ்போர்டைப் பார்க்க வந்தார். வானளாவும் கோபுரங்களோடு நிற்கும் ஆல் சோல்ஸ் கல்லூரியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, இதில் ஒரு கூட்டுறவுப் பண்டகசாலை வைத்தால் அருமையாக இருக்குமே என்றாராம். அரிசி, பருப்புக்குக் கணக்குப் பார்த்தே பிள்ளைகளை ஆளாக்கிய தாய் அல்லவா! அதையும் அவர் தன் ஊர்ப் பேச்சிலேயே சொன்னார். மகனும் தன் ஊர்ப் பேச்சை மறக்கவே இல்லை. 1892ல் அவர் வெளியிட்ட ஒரு புத்தகம், தான் வளர்ந்த விண்ட்ஹில் என்ற சிற்றூரின் பேச்சுக்கு இலக்கணம்! கிரேக்கத்துக்கும் லத்தீனுக்கும் செய்கிற மரியாதையை மில் தொழிலாளர்கள் பேசுகிற பேச்சுக்கும் செய்தார்.

ஊர்ப் பேச்சு தெரியாவிட்டால் என்ன ஆகும்? நியூகாசில் என்ற ஊரில் ஒரு பழைய கதை சொல்வார்கள். அங்கே டைன் ஆற்றங்கரைக்கு இறங்கும் ஒடுக்கமான சந்துகளுக்கு 'சேர்' என்று பெயர். ஒரு வழக்கில் சாட்சி சொல்ல வந்தவர், சேரின் அடியில் இருந்து மூன்று பேர் வெளியே வந்ததைப் பார்த்தேன் என்றார். சந்தின் கீழ்க்கோடியில் இருந்து வந்தார்கள் என்பது அவர் சொன்னது. வெளியூரில் இருந்து வந்த நீதிபதிக்கோ சேர் என்றால் நாற்காலி! நாற்காலிக் காலுக்கு அடியில் இருந்து மூன்று ஆட்கள் எப்படி வருவார்கள்? இவருக்குப் புத்தி பேதலித்துவிட்டது, இவர் சாட்சியத்தைத் தள்ளிவிடுங்கள் என்று ஜூரிகளிடம் சொல்லிவிட்டார். ஜூரிகள் உள்ளூர்க்காரர்கள். நல்லவேளை, அவர்கள் எழுந்து விளக்கம் சொன்னார்கள். இல்லாவிட்டால், ஒரு சந்தின் பெயர் தெரியாமல் வழக்கே தலைகீழாகியிருக்கும்.

நியூகாசிலில் சேர் என்றால், மற்ற ஊர்களில்? லீட்ஸ், மான்செஸ்டர் பக்கம் கின்னல். ஷெஃபீல்டில் அதுவே ஜென்னல். யார்க்‌ஷயரில் பல ஊர்களில் ஸ்னிக்கெட். லெஸ்டர் பக்கம் ஜிட்டி. நாட்டிங்ஹாமில் ட்விட்சல். நார்ஃபோக்கில் லோக். தென்மேற்கே டெவன் பக்கம் டிராங். ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் வைண்ட், குளோஸ். லிவர்பூலில் ஜிக்கர். ஹல் என்ற துறைமுக ஊரில் வீடுகளின் பின்பக்கம் போகும் சந்துக்கு டென்-ஃபுட், அதாவது பத்தடி! அகலம் பத்தடி என்பதால் அந்தப் பெயர். (நம் ஊர்ச் சந்தோடு பார்த்தால் அது மெயின் ரோடு.) தெற்கே சசெக்ஸ் கடற்கரையில் ட்விட்டன் என்கிறார்கள். ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்தில் சந்துக்கு ட்வீட்டே என்று பெயர் உண்டு. இரண்டும் கடலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருக்கிற அண்ணன் தம்பிச் சொற்களாக இருக்கலாம் என்று ஆராய்ச்சியாளர்கள் கருதுகிறார்கள். பார்த்தீர்களா, ஒரு சந்துக்குள் நுழைந்தால் எத்தனை தூரம் போகலாம் என்று!

ஒரு சந்துக்கே இத்தனை என்றால் மழைக்கு, மண்ணுக்கு, மாட்டுக்கு, விளையாட்டுக்கு எத்தனை இருக்கும்? அவற்றுக்கு ஆபத்தும் வந்துவிட்டது. 1870ல் இங்கிலாந்தில் எல்லா ஊர்களிலும் பள்ளிக்கூடம் திறக்கச் சட்டம் வந்தது. நல்ல காரியம்தான். ஆனால், புத்தக ஆங்கிலம் மட்டுமே சரி, ஊர்ப் பேச்சு கொச்சை என்ற எண்ணமும் கூடவே பரவியது. ரயில் வந்தது, செய்தித்தாள் வந்தது. பேரப்பிள்ளைகள் தாத்தா பாட்டியின் சொற்களைச் சொல்ல வெட்கப்பட்டார்கள். ஒரு பாட்டி இறந்தால் அவரோடு பத்துச் சொற்களும் போயின. இதைக் கண்டு கவலைப்பட்ட ஸ்கீட் என்ற கேம்பிரிட்ஜ் பேராசிரியர் 1873ல் ஒரு சங்கத்தைத் தொடங்கி, ஊர்ச் சொற்களைச் சேகரிக்க ஏற்பாடு செய்தார். சீட்டுகள் குவிந்தன. அகராதியாகத் தொகுக்கத்தான் ஆள் கிடைக்கவில்லை. வருடக் கணக்கில் முதுகு ஒடியும் வேலை அது. கடைசியில் ஸ்கீட் கண்டுபிடித்த ஆள்தான் ஜோசப் ரைட்.

சீட்டு என்றால் என்ன என்று கேட்கிறீர்களா? அப்போது கம்ப்யூட்டர் கிடையாது. ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு துண்டுக் காகிதம். அதில் சொல், அது புழங்கும் இடம், பொருள், அது வருகிற ஒரு வாக்கியம், எங்கிருந்து எடுத்தது என்ற விவரம் எல்லாம் இருக்க வேண்டும். நாமே ஒன்று எழுதிப் பார்ப்போமா? சொல்: இட்டேரி. இடம்: ஒட்டன்சத்திரம், திண்டுக்கல் மாவட்டம். பொருள்: இரண்டு வேலிகளுக்கு நடுவே செல்லும் மண் பாதை. வாக்கியம்: இட்டேரியில் வண்டி வருது, மாட்டை ஓரமா ஓட்டு. அவ்வளவுதான், ஒரு சீட்டு முடிந்தது.

ஜோசப் ரைட்டின் கைக்கு வந்த சீட்டுகள் சுமார் பத்து லட்சம்! எடை ஏறக்குறைய ஒரு டன். ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டில் ஐம்பது கிலோ மூட்டைகள் இருபதை அடுக்கிப் பாருங்கள், அவ்வளவு காகிதம். அது போதாது என்றார் ரைட்! பல மாவட்டங்களில் குழுக்களை அமைத்தார். பாதிரியார்கள், ஆசிரியர்கள், பெண்கள் என்று நூற்றுக்கணக்கானோர் சம்பளம் வாங்காமல் சொற்களைத் தேடி அனுப்பினார்கள். யார்க்‌ஷயரில் அப்படி உதவிய குழுவில் இருந்து 1897ல் ஒரு சங்கமே பிறந்தது. அது இன்றும் நடக்கிறது.

ஒவ்வொரு சீட்டையும் நம்பிவிட முடியாது என்பதுதான் இதில் கஷ்டமான பகுதி. ஒருவர் காதில் தவறாக விழுந்திருக்கலாம். ஒருவர் ஊரையே மாற்றி எழுதியிருக்கலாம். சந்தேகம் வந்தால் அந்த ஊர்க்காரர்களுக்கே கடிதம் போட்டுக் கேட்க வேண்டும். பதில் வரும் வரை காத்திருக்க வேண்டும். என் கருத்தைக் கேட்டால், ஜோசப் ரைட் 400 கிலோமீட்டர் நடந்ததைவிட இதுதான் பெரிய நடை.

பணம்? அது இன்னொரு மலை. கிராமத்துச் சொற்களின் அகராதியைப் போட்டால் யார் வாங்குவார்கள்? வெளியிடும் பொறுப்பை ரைட் தன் தலையிலேயே போட்டுக்கொண்டார். தன் சேமிப்பைப் போட்டார். முன்கூட்டியே சந்தா கட்டும்படி ஊர் ஊராகக் கடிதம் எழுதினார். கழுதை வண்டியில் தொடங்கிக் காசு காசாகச் சேர்த்தவர், அந்தக் காசைச் சொற்களுக்குச் செலவழித்தார். நஷ்டம் வந்திருந்தால் கைதூக்கிவிட யாரும் இல்லை.

துணைக்கு ஒருவர் இருந்தார். அவரிடம் படித்த மாணவியான எலிசபெத் மேரி லீயை 1896ல் திருமணம் செய்துகொண்டார். எலிசபெத்தும் சீட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்து சேர்ந்து உழைத்தார். பின்னால் கிராமத்துப் பேச்சைப் பற்றித் தானும் ஒரு புத்தகம் எழுதினார். இருவருக்கும் இரண்டு குழந்தைகள் பிறந்தன. இரண்டுமே சிறு வயதில் இறந்துபோயின. அந்தத் துக்கத்திலும் வேலை நிற்கவில்லை. 1898ல் முதல் தொகுதி வந்தது. 1905ல் ஆறாவது தொகுதியோடு அகராதி முடிந்தது. சுமார் 70,000 சொற்கள்! அதுவரையிலான இருநூறு ஆண்டுகளில் மக்கள் வாயில் புழங்கிய ஊர்ச் சொற்கள், எந்தெந்த மாவட்டத்தில் புழங்கின என்ற விவரத்தோடு.

நம் தமிழிலும் இப்படி வேலை நடந்திருக்கிறது. கரிசல் காட்டு எழுத்தாளர் கி.ராஜநாராயணன் 1982ல் ஒரு வட்டார வழக்குச் சொல்லகராதி தொகுத்தார். அவரும் பள்ளிப் படிப்பை நடுவில் விட்டவர், பின்னால் புதுவைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக அமர்ந்தவர். கொங்குச் சொற்களுக்கு எழுத்தாளர் பெருமாள்முருகன் 2000ஆம் ஆண்டில் ஓர் அகராதி வெளியிட்டார்.

இவ்வளவு பெரிய பேராசிரியர் உம்மென்று இருந்திருப்பார் என்று நினைக்காதீர்கள்! ஞாயிற்றுக்கிழமைகளில் மாணவ மாணவியரை வீட்டுக்குத் தேநீருக்குக் கூப்பிடுவார். மேஜை நிறையப் பலகாரம் இருக்கும். அவருடைய நாய்க்கு ஜாக் என்று பெயர். அத்தி மரம் என்பதற்கான கோதிக் மொழிச் சொல்லை ரைட் சொன்னதும் ஜாக் நாக்கைச் சுழற்றி வாயை நக்கும்! மாணவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். ஆயிரத்துச் சொச்சம் ஆண்டுகளுக்கு முன் பேசிய மொழி அந்த வீட்டில் ஒரு நாய்க்குத் தெரிந்திருந்தது.

அவரிடம் படித்த மாணவர்களில் ஒருவரை உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். லார்டு ஆஃப் தி ரிங்ஸ் படம் பார்த்தீர்களா? அந்தக் கதையை எழுதிய டோல்கியன்தான் அவர். ரைட் எழுதிய கோதிக் மொழிப் பாடப் புத்தகம் டோல்கியனுக்குப் பள்ளி வயதிலேயே கிடைத்திருந்தது. நண்பன் ஒருவன் பழைய பொருள் விற்பனையில் வேறு ஏதோ புத்தகம் என்று நினைத்து வாங்கி, தனக்கு உதவாது என்று இவரிடம் விற்றுவிட்டான். அதைப் படித்து மொழிகளின் மேல் ஆசை கொண்டவர், பிறகு தன் கதைகளுக்காகப் புதிய மொழிகளையே உருவாக்கினார்.

1925ல் ஜோசப் ரைட் ஓய்வு பெற்றார். ஆக்ஸ்போர்டில் அவர் வசித்த வீட்டுக்குத் தான் பிறந்த சிற்றூரின் பெயரான தாக்லி என்பதையே வைத்திருந்தார். தோட்ட வேலை செய்தார். யார்க்‌ஷயர் கிரிக்கெட் அணி ஜெயித்ததா என்று விசாரித்துக்கொண்டிருந்தார். அவருடைய ஆறு தொகுதிகளும் இப்போது ஆஸ்திரியாவில் இருக்கும் இன்ஸ்புரூக் பல்கலைக்கழகத்தின் முயற்சியால் கம்ப்யூட்டரிலும் ஏறிவிட்டன.

1930ஆம் ஆண்டு பிப்ரவரி 27ஆம் தேதி, நிமோனியா காய்ச்சலால் அந்த வீட்டிலேயே காலமானார். அவர் வாயில் இருந்து கடைசியாக வந்தது ஒரே ஒரு சொல்தான். அகராதி.